ஊர்க்கவுண்டர் இல்லாத பந்தாட்டக்காரர்

மலாக்காவில் என் முதலாளிக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று ரப்பர், இன்னொன்று கால்பந்து. ரப்பர் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கால்பந்து விஷயத்தில் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். கல்கத்தாவில் ஒரு போர்த்துகீசியர் ஆடுகிறார், அவர் கால் படாத மைதானம் உலகத்தில் இல்லை என்று ஒரு கப்பல்காரன் சொன்னதை அப்படியே நம்பி, ஆளைப் பார்க்காமலே எங்கள் குழுவுக்கு அமர்த்திவிட்டார். பேருக்குக் கிடங்கில் குமாஸ்தா வேலை, நிஜத்தில் பந்து உதைக்கிற வேலை. ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது இது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வர வேண்டிய மனிதர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு தந்தி வந்தது. "பந்தாட்டக்காரர் கொல்லிமலையில் நிறுத்திவைப்பு. தேக சௌக்கியம். அவருடைய ஊர்த் தலைவரை உடனே அனுப்பவும். காதர் ராவுத்தர், முள்ளுக்குறிச்சி."

முதலாளி சீனர். தந்தியை இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னார். "ஊர்த் தலைவர் என்றால் யார்?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் பொறுப்பான பெரிய மனிதர் என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ போ. நீதான் அவனுடைய ஊர்த் தலைவர்."

"எனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது, முதலாளி."

"கோட்டுப் போட்டுக்கொள்" என்றார். அதோடு நிற்கவில்லை. தன்னுடைய சூட் ஒன்றையே எடுத்துக் கொடுத்தார். முதலாளியின் இடுப்புக்குள் என்னைப் போல இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். "அடுத்த கப்பலில் அவனோடு வா. தனியாக வருவதானால் வராதே" என்று ஆசீர்வாதமும் செய்தார்.

என்னை அனுப்பியதற்கு நியாயம் இல்லாமலில்லை. நான் தமிழன். தவிர, எங்கள் தெருவை அடுத்த கடற்கரைத் தெருவில் போர்த்துகீசிய வம்சத்து மீன்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளோடு இறால் வலை இழுத்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பாஷை எனக்கு ஓரளவு வரும்.

இந்தியாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் அப்பா பதினாறு வயதில் தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு வந்தவர். அன்றிலிருந்து மலாக்காவைத் திட்டுவதையே ஒரு தொழிலாக வைத்திருந்தார். மழை சரியில்லை, வாழைப்பழம் சரியில்லை, வெயில்கூட ஊரில் இப்படிச் சுடாது என்பார். நாகப்பட்டினத்தில் இறங்கிய அரைமணி நேரத்தில் என் பிடரி வெந்துபோனது. அப்பாவுக்கு உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும்போல இருந்தது.

காப்பி மட்டும் அவர் சொன்னபடியே இருந்தது. எங்கள் ஊரில் காப்பிக்கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கரியாக வறுத்து, தார் மாதிரி ஒரு திரவத்தைக் கோப்பையில் ஊற்றுவார்கள். இங்கே டவராவில் நுரையோடு வந்ததைக் குடித்துவிட்டு, மரியாதையை மறந்து இன்னொன்று கேட்டேன். ரயிலில் எதிர் ஆசனத்து மனிதர் நான் உட்காருவதற்குள், "சொந்த ஊர் எது?" என்றார். மலாக்கா என்றேன். "அது இருக்கிற ஊர். சொந்த ஊரைக் கேட்டேன்" என்றார். சேலம் வரைக்கும் இதே கேள்வியை ஆறு பேர் கேட்டார்கள். மலாக்காவில் யாரைச் சந்தித்தாலும் "சாப்பிட்டாயிற்றா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வயிற்றுக்கு இதமான கேள்வி அது.

ராசிபுரம் பஸ்ஸில் ஏறினேன். ஒரு மேட்டில் அது நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளி முடித்துத் திரும்பி ஏறினால், என் இடத்தில் ஓர் ஆடு உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்காரரிடம் முறையிட்டேன். "அதுக்கும் சீட்டு வாங்கியிருக்குதுங்க" என்றார். மிச்ச தூரம் நான் நின்றுகொண்டு போனேன். ஆடு அவ்வப்போது முதலாளியின் கோட்டை மோந்து பார்த்தது.

முள்ளுக்குறிச்சிக்குக் கட்டைவண்டியில் போய்ச் சேர்ந்தபோது காதர் ராவுத்தர் வாசலிலேயே காத்திருந்தார். மலையிலிருந்து மிளகு வாங்கி வந்து விற்கிறவர். பருத்த சரீரம், பயந்த முகம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"தம்பி, நீங்களா அவங்க ஊர்க்கவுண்டரு?"

"அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள்" என்றேன்.

"சுத்தம்" என்றார்.

பசிக்குச் சோறு போட்ட பிறகுதான் கதையைச் சொன்னார். ஆட்டுக்கறிக் குழம்பும் கேழ்வரகுக் களியும். களியை மென்றுகொண்டிருந்தேன். "மெல்லக் கூடாதுங்க தம்பி, முழுங்கோணும்" என்று திருத்தினார். முழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது. குழம்பு மட்டும் எங்கள் ஊர்க் குழம்பையெல்லாம் தலைகுனிய வைத்துவிடும்.

நடந்தது இதுதான். கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த பந்தாட்டக்காரரும் ராவுத்தரும் ஒரே ரயில் பெட்டியில் மாட்டிக்கொண்டார்கள். ராவுத்தரின் மிளகு மூட்டையால் பந்தாட்டக்காரருக்கு ஓயாத தும்மல். தும்மலிலேயே சிநேகம் பிடித்துக்கொண்டது. இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். "எங்கள் முன்னோர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்த மிளகுக்காகத்தான் வந்தார்கள். நானும் அதே வழியில் வந்திருக்கிறேன். இது செடியா மரமா என்றுகூட எனக்குத் தெரியாது" என்றாராம் பந்தாட்டக்காரர். "கொடிங்க. ரெண்டே நாள் சோலி, வாங்க காட்டறேன்" என்று ராவுத்தர் கூட்டிப் போனார். கப்பலுக்கு அப்போது எட்டு நாள் இருந்தது.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் எல்லைக்குள் தோல் போகக் கூடாது. செருப்பு, பெல்ட், தோல்பை எல்லாவற்றையும் எல்லைக் கல்லுக்கு வெளியே மரத்தில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பந்தாட்டக்காரர் பூட்ஸையும் பெல்ட்டையும் ஒழுங்காக மாட்டிவிட்டார். காற்றுப் போன பந்து பையின் அடியில் கிடந்தது. அது தோல் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. பதினெட்டு வருஷமாக அது அவருக்குப் பந்து, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும், தினசரி வழக்கப்படி காற்றடித்து, தரையில் விடாமல் இருநூறு தரம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தை மாதப் பனியில் கால் வழுக்கிவிட்டது. பந்து எகிறிக் களத்தில் விழுந்தது. களத்தில் நல்லம்மா என்பவரின் சாமைக் குவியல் இருந்தது. அதன் உச்சியில் போய்ப் பந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"அப்ப மன்னிப்புக் கேட்டுட்டு வர வேண்டியதுதானே?" என்றேன்.

"அங்கதானுங்க தம்பி வெவகாரம்" என்றார் ராவுத்தர்.

தப்புச் செய்தவனுக்கு வாய் கிடையாது. மலையில் அப்படி ஒரு கட்டுப்பாடு. அவனுடைய ஊர்க்கவுண்டர் வந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பி, 'எங்கள் பையன் செய்துவிட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டும். அதுவரை ஆள் எல்லை தாண்டக் கூடாது. தோல் பட்ட குவியலில் ஒரு மணியைக்கூட யாரும் தொடக் கூடாது. ராவுத்தர் தானே கேட்பதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "நீங்க யாவாரத்துக்கு வர்றவங்க, உங்க சரக்குக்குத்தான் நீங்க பொறுப்பு. இவரு சரக்கில்லையே" என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் ஏறினோம். மலைப்பாதை என்று ராவுத்தர் சொன்னது, மலை முழுக்கக் கற்களை யாரோ கோபத்தில் வீசிவிட்டுப் போன இடம். அந்தப் பருத்த மனிதர் ஆட்டுக்குட்டி போல ஏறினார். நான் ஒரு கையில் கோட்டையும் மறு கையில் உயிரையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மத்தியானம் எடப்புளி நாட்டு எல்லைக் கல் வந்தது. மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. பக்கத்து மரத்தில், கொடியால் பின்னிய உறியில், அந்தப் பந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயிலில் இருக்கிறவனைப் பார்க்கிற மாதிரி ராவுத்தர் அதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

என் பூட்ஸ், பணப்பை, கைக்கடிகாரப் பட்டை எல்லாம் மரத்துக்குப் போயின. கடைசியில் பெல்ட். அதைக் கழற்றியதும் முதலாளியின் கால்சட்டை கீழே போகத் தயாரானது. ராவுத்தர் வாழைநார் கிழித்துக் கட்டிவிட்டார். "கெட்டியா இருக்குமுங்க" என்றார்.

கைதியைப் பார்க்கப் போகிறோம் என்று துக்கமுகத்தோடு போனேன். கைதி வேட்டி கட்டி, கம்பளி போர்த்திக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து தேனில் தோய்த்து மலைவாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். நரைத்த மீசை, உடைந்து ஒட்டிய மூக்கு, நல்ல நீளமான கால்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் எதிரில் நின்று அவரைக் கடிந்துகொண்டிருந்தார். புரியாவிட்டாலும் அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். அந்த அம்மாள்தான் நல்லம்மா. இவர் யார் குவியலைக் கெடுத்தாரோ அவர் வீட்டிலேயே இவருக்குச் சாப்பாடு. தப்புச் செய்தவனுக்குச் சோறு போடுவதும் கட்டுப்பாட்டில் சேர்த்தியாம்.

"ஒரு ஆளு தின்னற சோறாங்க அது? பெலிச்சாமிக்கு ஆக்கிப் போட்டே எங்கூட்டுப் பானையெல்லாம் காலி" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, "அந்தப் பழத்தையும் தின்னு கண்ணு" என்று அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பெலிஸாரியோ என்ற பேர் மலையேறிப் பெலிச்சாமி ஆகியிருந்தது.

நான் என் போர்த்துகீசியத்தில் வணக்கம் சொன்னேன். அவர் பழத்தை விழுங்க மறந்து என்னைப் பார்த்தார்.

"என் பாட்டனுக்குப் பாட்டன் எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது?"

"மீன்காரர்கள்."

"தெரிகிறது. வணக்கத்திலேயே ஒரு கெட்ட வார்த்தை இருந்தது" என்றார்.

மத்தியானச் சாப்பாடு சாமைச்சோறும் அவரைப் பருப்பும். அரிசிச் சோறு தின்று வளர்ந்த எனக்கு முதல் கவளம் மணலாக இருந்தது, மூன்றாவது கவளத்தில் சமாதானமாகிவிட்டேன். சாப்பிட்ட பிறகு வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து நிலவரத்தைப் பேசினோம். மறுநாள் காலை நாட்டுக் கூட்டம். மத்தியானத்துக்குள் மலையிறங்காவிட்டால் கப்பல் போய்விடும்.

"எனக்கு முப்பத்தைந்து வயது. இந்த இடது முட்டிக்கு அறுபது" என்று முட்டியைத் தட்டிக் காட்டினார் பெலிஸாரியோ. "என்னைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டவர் உன் முதலாளி ஒருவர்தான். பார்த்தவர்கள் யாரும் இனிமேல் எடுக்க மாட்டார்கள். இந்தக் கப்பலும் போய்விட்டால் அவர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். அதோடு நான் பந்தாட்டக்காரனே இல்லை. அப்புறம் நான் யார் என்று எனக்கே தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் வெயில் ஏறினதும் கூட்டம் கூடியது. மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பலகைக் கல். அதில் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்தார். தொண்டு கிழத்தை எதிர்பார்த்திருந்தேன். நாற்பது வயதுகூட இருக்காது. அப்பா போன பிறகு அந்தக் கல்லுக்குப் புதிதாக வந்தவர். புதிதாக வந்தவர்களுக்கே உரிய கண்டிப்பு. சாட்சிக்கு அரியூர் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தார். பக்கத்துக் களத்தில் இலைதழை போட்டு மூடின நல்லம்மாவின் குவியல். சிட்டுக்குருவிகளுக்குக் கட்டுப்பாடு தெரியாததால் நாற்பது நாளாக அவை தின்றுகொண்டிருந்தன. அவர் வீட்டு வருஷச் சாப்பாடு அது.

"ஆருங்க இவருக்குக் கவுண்டரு?" என்றார் ஊர்க்கவுண்டர்.

நான் கோட்டை இழுத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"கேளுங்க" என்றார்.

நான் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கூப்பினேன். வாழைநார் பட்டென்று அறுந்தது. ஒரு கையைக் கீழே கொண்டுவந்து முதலாளியின் மானத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு கையும்" என்றார் கவுண்டர்.

கையை மாற்றினேன்.

"ரெண்டு கையும்னு சொன்னனுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அரியூர்ப் பெரியவர் வெற்றிலையைத் துப்பப் போகிற சாக்கில் எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தார். கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க, இவரு அப்பன் பேரு என்னங்க?" என்று கேட்டார். நான் பெலிஸாரியோவைப் பார்த்தேன். "ஆளைப் பாக்காதீங்க. கவுண்டருக்குத் தெரியாதுங்களா?" என்றார். ஆக, நான் ஊர்த் தலைவராக இருந்தது சுமார் இரண்டு நிமிஷம். ராவுத்தர் தலைத்துண்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டி, மொழிபெயர்க்கிற வேலைக்கு என்னை இறக்கிவிட்டார்.

"இவரு எந்த நாடுங்க?"

"லிஸ்பன்" என்றார் பெலிஸாரியோ.

"லிஸ்பன் கவுண்டரு ஏனுங்க வரலை?"

"அங்கே ஆறு வருஷம் ஆடினேன். அப்புறம் என்னைப் போர்த்தோ ஊர்க் குழுவுக்கு விற்றுவிட்டார்கள். சனிக்கிழமை ஆடினேன். திங்கட்கிழமை பெட்டியோடு ரயிலில் இருந்தேன்."

இதைச் சொன்னதும் கூட்டம் அதிர்ந்தது. "ஆளையா வித்தாங்க? மாட்டுச் சந்தையாட்டமா?" என்றார் கவுண்டர். பெலிஸாரியோ யோசித்துவிட்டு, "பல்லைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தார்கள்" என்றார். "பரவால்லீங்க, வெவரமானவங்கதான்" என்று யாரோ பின்னாலிருந்து பாராட்டினார்கள்.

அரியூர்ப் பெரியவருக்கு ஒரு சந்தேகம். "லிஸ்பனும் போர்த்தோவும் மோதிக்கிட்டா இவரு எந்தப் பக்கமுங்க?"

"போர்த்தோ பக்கம். முதல் ஆட்டத்தில் லிஸ்பனுக்கு எதிராக இரண்டு கோல் போட்டேன்."

"நேத்துச் சோறு போட்ட ஊட்டுக்கு எதிராவா?"

"நேற்றுச் சோறு போட்ட வீட்டில் இன்று எனக்குத் தட்டு வைக்கவில்லையே" என்றார். பெரியவர் அதை மென்று பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

பிறகு மார்செய்ல்ஸ், ரியோ, ஆப்பிரிக்காவில் லொரன்சோ மார்க்கஸ், கோவா, கல்கத்தா என்று ஊர் ஊராக வந்தது. மார்செய்ல்ஸில் எஜமானன் கடனாளியாகிக் குழுவையே கலைத்துவிட்டான். ரியோவில் இவரைவிட வேகமான இருபது பேர் தெருவிலேயே வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். லொரன்சோ மார்க்கஸில் முட்டி போனது. கோவாவில் முட்டி குணமாகிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். கல்கத்தாவில் அதை ஒரு சீசனுக்கு நம்பினார்கள்.

"இத்தன ஊருல எந்த ஊருக் கவுண்டராச்சும் இவரை வழியனுப்ப வந்தாங்களா? வந்திருந்தா அவங்களைக் கூப்பிடலாமுங்க" என்றார் கவுண்டர்.

பெலிஸாரியோ விரல்விட்டு எண்ணினார். "மார்செய்ல்ஸில் குடியிருந்த வீட்டுக்காரி கப்பல் வரைக்கும் வந்தாள். சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ள. ரியோவில் பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். அது கப்பலில் பக்கத்து அறையில் வந்த ஒரு பாடகிக்கு. லொரன்சோ மார்க்கஸில் மழை."

எனக்கு இதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. மார்செய்ல்ஸில் ஊரே துறைமுகத்தில் நின்று அழுதது என்றும், ரியோவில் மேளதாளம் என்றும் எடுத்துவிட்டேன். கூட்டத்தின் முகங்கள் மலர்ந்தன. பெலிஸாரியோ அந்த முகங்களைப் பார்த்தார்.

"என்ன சொன்னாய்?"

சொன்னேன்.

"சாவியைச் சொல்லு" என்றார்.

சாவியைச் சொன்னேன். பாடகியையும் மழையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப இவருக்குன்னு கேக்க ஆருமில்லீங்க" என்றார். கேட்க ஆள் வருகிற வரை பையன் இங்கேயே இருக்க வேண்டியதுதான், கட்டுப்பாட்டைத் தன் காலத்தில் மீற முடியாது என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கப்பல், வேலை, முட்டி, எல்லாவற்றையும் கத்தினேன். கத்தும்போது ராவுத்தரின் துண்டும் அவிழப் பார்த்தது. பெலிஸாரியோ கையைப் பிடித்து என்னை உட்காரவைத்தார். "விசில் ஊதியாயிற்று. நடுவரோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததே இல்லை" என்றார்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து நல்லம்மா எழுந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, போன வளர்பிறைக்கு உங்க களத்துல சாமை மிதிச்சமே. மிதிச்சவங்கள்ல இந்தப் பெலிச்சாமியும் இருந்தானுங்களா இல்லீங்களா?"

"இருந்தான். நல்லாத்தான் மிதிச்சான்."

எனக்கு ராவுத்தர் காதில் விளக்கினார். மலையில் கதிரைக் காலால் மிதித்துத்தான் மணி உதிர்ப்பார்கள். பந்தாட்டக்காரரின் கால் நாற்பது நாளும் சும்மா இருக்கவில்லை. எல்லார் களத்திலும் மிதித்திருக்கிறது.

"மிதிச்ச வெளியாளுக்கு என்ன குடுப்போமுங்க?"

"சோறு போடுவோம்."

"ஊராளுக்கு?"

"களத்துப் பங்கு அளப்போம்" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் சட்டென்று நிறுத்தினார்.

நல்லம்மா விடவில்லை. "வரிசையா முறத்தை நீட்டிக்கிட்டு நின்னோம். நீங்க குனிஞ்ச தலை நிமிராம அளந்துக்கிட்டே வந்தீங்க. இவன் முறத்துலயும் ரெண்டு வள்ளம் போட்டீங்க. அந்தச் சாமை எங்கூட்டுக் குதிருல இன்னும் கெடக்குது. அளந்தது ஆருங்க? உங்க பாட்டன், உங்கப்பன், நீங்கன்னு மூணு தலைமொறையா ஊராளுக்கு மட்டும் அளக்கற வள்ளத்துல அளந்தது ஆருங்க?"

ஊர்க்கவுண்டரின் காது சிவந்துபோனது. அரியூர்ப் பெரியவர் குஷியாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வள்ளத்துல அளந்தாச்சுன்னா ஊராளுதானுங்க. எங்க நாட்டுலயும் அதே கட்டுப்பாடுதான்" என்று தீர்மானமாகச் சொன்னார்.

கவுண்டர் வெகுநேரம் தாடையைத் தடவினார். அளந்தது தவறு என்றால் கவுண்டர் கை தவறாக அளந்ததாகும். சரி என்றால் பெலிச்சாமி எடப்புளி நாட்டு ஆள். எடப்புளி நாட்டு ஆளுக்குக் கவுண்டர் அவரே.

எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகைக் கல்லைச் சுற்றி வந்து, நான் நின்ற அதே இடத்தில், பெலிஸாரியோவுக்கு முன்னால் நின்றார். காலியாக இருந்த தன் கல்லைப் பார்த்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

"எங்கூட்டுப் பையன் தெரியாமப் பண்ணிப்போட்டானுங்க. பொறுத்துக்கோணும்."

கல் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போய்க் கல்லைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "எந்த நாட்டுப் பையன்?" என்று அதிகாரமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் சொல்ல எழுந்து மறுபடி சுற்றி வந்தார். "எடப்புளி நாடுங்க" என்று பணிவாகச் சொன்னார். திரும்பிப் போனார். "இனி இப்படிச் செய்வானா?" மறுபடி சுற்றி வந்தார். "செய்ய மாட்டானுங்க. நான் பொறுப்புங்க." எனக்குச் சிரிப்புப் பொங்கியது. கோட்டைக் கடித்துக்கொண்டேன். வேறு ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நல்லம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் சிரிப்பும் அடங்கிவிட்டது.

கடைசியாகக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "பொறுத்தாச்சு" என்றார் கவுண்டர்.

குவியல்மேல் தண்ணீர் தெளித்தார்கள். நல்லம்மா தழையை விலக்கி முதல் கைப்பிடிச் சாமையை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டார். கீழே உதிர்ந்த மணிகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டார். அந்த நாற்பது நாளும் அவர் பயந்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவர் கையைத் தூக்கி என்ன சொன்னார்?" என்று பெலிஸாரியோ கேட்டார்.

"எங்கள் வீட்டுப் பையன் என்றார்."

"யார் பையன்?"

"நீங்கள்தான்."

அவர் தன் நரைத்த மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புறப்படும்போது இன்னொரு சிக்கல் வந்தது. ஊராள் வெளியே போனால் எப்போது திரும்புவான் என்று கவுண்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்றேன். கவுண்டர் விரல் மடக்கினார். "அப்ப ரெண்டு அறுப்புக்கு இருக்க மாட்டான். மூணாவது அறுப்புக்கு வந்துரோணும். களத்துல கால் கொறையும்" என்றார். ஏதோ ராசிபுரம் சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வது போலச் சொன்னார். நல்லம்மா வாழைப்பழமும் தேனும் கட்டிக் கொடுத்தார். பெலிஸாரியோவின் பங்குச் சாமையையும் கொடுத்துவிடலாமே என்று ராவுத்தர் யோசனை சொன்னார்.

"அதென்னத்துக்குங்க? அது அவன் பங்கு, இங்கயே குதிருல கெடக்கும். வந்து தின்னுக்கட்டும். போயிட்டு வா சாமி" என்றார் நல்லம்மா.

அந்த வார்த்தைகளை அப்படியே பெலிஸாரியோவிடம் சொன்னேன். அவர் எல்லைக் கல்லில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பந்தை உறியிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் என் பெல்ட்டை அணைத்துக்கொண்ட சந்தோஷத்தில் எதையெதையோ பேசிக்கொண்டு வந்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலைப் பிடித்தோம். முதலாளி தன் சூட்டின் நிலைமையைப் பார்த்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் அப்புறம்.

இறங்குகிற பாதையில், பாதி தூரத்தில், பெலிஸாரியோ ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் பார்த்தால், பந்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். ராவுத்தர் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தார்.

"முட்டி வலிங்களா? எறக்கத்துல அப்படித்தானுங்க இருக்கும். பாவம், நெம்ப வலிக்குதாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து தைலக் குப்பியை எடுத்துக் கீழே உட்கார்ந்தார்.

பெலிஸாரியோ என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதே என்கிற மாதிரி இருந்தது. பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிவிட்டு, ராவுத்தர் தேய்ப்பதற்காக, நன்றாயிருந்த வலது காலை நீட்டினார்.